எனக்கு வராத சந்தன வாசனை

புதன்கிழமை

மச்சான் துபாயிலிருந்து கொண்டுவந்த சந்தன சென்ட்டை இன்று ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பும்போது முதன்முறையாக அடித்தேன். மணிக்கட்டில் வாசனையே வரவில்லை. கழுத்திலும் சட்டையிலும் அடித்தேன். மலிவான சரக்கு என்று நினைத்தேன்.

என் மனைவி மல்லிகா உள்ளே வந்ததும் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டாள்.

"இன்னாங்க இது, பாட்டிலையே கவுத்துட்டீங்களா? ரொம்ப ஜாஸ்தி!"

அவள் பூ வைக்கப் போனதும் சமையலறையில் பெருங்காய டப்பாவைத் திறந்து முகர்ந்தேன். அதுவும் வரவில்லை.

ஆம்பூர் தோல் கம்பெனியில் பதினெட்டு வருடமாக, வந்து இறங்கும் தோலில் கெட்டதை முகர்ந்து பிரிப்பவன் நான். போன வாரம் அழுகல் தோல் ஒரு கட்டு என்னைத் தாண்டிப் போய்விட்டது. சளி என்று சமாளித்தேன். எனக்குச் சளி இல்லை.

கல்யாணத்திலிருந்து திரும்பியதும் மல்லிகாவிடம் சொல்லிவிட்டேன். அவள் என் மணிக்கட்டை எடுத்து நிதானமாக முகர்ந்தாள்.

"சாயங்காலம் மரம் இழைக்கிற எடத்துல நிக்கிற மாதிரி இருந்துச்சு. இப்ப கட்டைய தண்ணி விட்டு அரைச்ச மாதிரி குளிர்ச்சியா இருக்கு. நல்ல சென்ட்டுதாங்க."

நாளை டாக்டரிடம் போகலாம் என்றாள். மேனேஜரிடம் அதற்கு முன்பே சொல்வதா, பிறகு சொல்வதா என்று தெரியவில்லை. மல்லிகா தூங்கிவிட்டாள். என் இடக்கையை இன்னும் விடவில்லை. நோட்டைப் பிடித்துக்கொள்ளக் கை இல்லாமல் எழுத்து கோணலாகப் போகிறது.