பனை உயரம்

12 ஜூன், வெள்ளி

காலையிலிருந்தே அனல். மெட்ராஸிலிருந்து முதல் பஸ். உத்திரமேரூர் வந்து சேர எட்டரை. விமானப் பயிற்சி நிலையத்தில் நாலு நாள் லீவு. ஞாயிறு எங்கள் தெரு அம்மன் கோயில் கும்பாபிஷேகம்.

பையில்: விதிப் புத்தகம், வரைபடம், சுடிதார் இரண்டு. சோப்பு மறந்தாச்சு.

பஸ் ஸ்டாண்டு சுவரில் நோட்டீஸ். "காலை 9.30. கோபுரத்துக்கு விமானத்திலிருந்து பூமாரி. பொழிபவர்: லைன்மேன் கோவிந்தன் மகள் செல்வி மல்லிகா, பைலட்." இரண்டு தடவை படித்தேன். என்னிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வீட்டில் அப்பா முகமெல்லாம் சிரிப்பு. "அன்னிக்கு நீ வந்துட்டுப் போனல்ல? அதுலேந்து ஊரே கேட்டுக்கினு கீது. நான் சரின்ட்டேன்."

அந்த "அன்னிக்கு" மூன்று வாரம் முன்னால். தனியாக நீண்ட தூரம் பறந்த நாள். போகிற வழியில் நம் ஊர். ஆசை அடங்கவில்லை. தாழ இறங்கி ஏரி மேல் ஒரு சுற்று. ஏரிக்கரையில் அப்பா துண்டை ஆட்டியது தெரிந்தது. பயிற்சி தரும் கேப்டனிடம் சொல்லவில்லை. தெரிந்தால் தனியாகப் பறப்பது போச்சு. அரசாங்க உதவித்தொகையும் போகலாம். அது இல்லாமல் எனக்குப் படிப்பு இல்லை.

13, சனி

தர்மகர்த்தா வீடு. மோர் கொடுத்தார்கள். உப்பு அதிகம்.

"அஞ்சு மூட்ட ரோஜா சொல்லிக்கீறோம் பாப்பா. ஜன்னலத் தொறந்து கொட்டிட்டுப் போயிடு."

அனுமதி இல்லாமல் வானத்திலிருந்து எதையும் போடக் கூடாது என்றேன். அவ்வளவு தாழப் பறக்கவும் கூடாது. அதுவும் கருடன் சுற்றும் நேரம், ஒன்று வந்து முன் கண்ணாடியில் மோதினால்?

"கருடன் நல்ல சகுனம்மா. அது உன்ன இன்னா பண்ணிடும்?"

முடியாது என்று சொல்லிவிட்டு வந்தேன். கூட வந்த அப்பா எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தார். சோறும் வேண்டாமாம். அம்மா என்னை முறைத்தாள்.

மதியம் அப்பாவே வாயைத் திறந்தார். "அன்னிக்கு மட்டும் வந்தியே?"

"அன்னிக்கு முந்நூத்தி இருவது அடில இருந்தேன்பா. உயர மீட்டர் பாத்துக்கினுதான் வந்தேன்."

சிரித்தார். "முந்நூறா? யாருகிட்ட? ஏரிக்கர பனைக்குச் சரியா வந்த. இருவத்தஞ்சு வருசமா கரண்ட் போஸ்ட் ஏறிக்கினு கீறேன், எனக்கு உசரம் தெரியாதா?"

எரிச்சல். அவர் தப்பு என்று காட்டத்தான் வரைபடத்தை விரித்தேன். நம் ஊர்த் தரை, கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 240 அடி. மீட்டர் காட்டுவதும் கடல் மட்டத்திலிருந்துதான். மெட்ராஸில் தரையும் கடலும் கிட்டத்தட்ட ஒன்று. அங்கேயே பறந்து பழகியதில் கழிக்கவே தோன்றவில்லை.

320 − 240 = 80.

பனை உயரம். அப்பா சொன்னதுதான் சரி. விதிப் புத்தகத்தில் நானே சிவப்பு மையால் கோடிட்டிருக்கிறேன்: "கீழே உள்ள தரையின் உயரத்தைக் கழித்துப் பார்." கோடு நேராகத்தான் இருக்கிறது.

அப்பாவுக்குக் கணக்கைச் சொன்னேன். சிரிப்பு நின்றது. "கொஞ்சம் இந்தாண்ட வந்திருந்தா பனையிலயே..." சட்டையை மாட்டிக்கொண்டு தர்மகர்த்தா வீட்டுக்குப் போனார்.

14, ஞாயிறு

மேகம் இல்லை. கூட்டம் தெருக்கோடி வரை.

அப்பா மைக் வாங்கினார். "பூ ப்ளேன்ல வராது. பொண்ணு மேல தப்பு இல்ல. கேக்காம ஒத்துக்கினது நான்."

பின்னால் ஒரு பெண்: "பைலட்டு பைலட்டுன்னு பீத்திக்கினாங்க, ஒரு பூவக் காணோம்." காது எரிந்தது. அப்பாவை நினைத்து அழுகை வந்தது, அடக்கிக்கொண்டேன்.

9.30. கோபுரச் சாரத்தில் அப்பா, இடுப்பில் கயிறு, தோளில் ரோஜாக் கூடை. ஒவ்வொரு கழியையும் உலுக்கிப் பார்த்துத்தான் கால் வைத்தார். உச்சியிலிருந்து கையால் அள்ளி அள்ளிக் கொட்டினார். ஐந்து கூடை, ஐந்து தடவை ஏறி இறங்கினார். கருடன் இரண்டு வந்தன. ஜனம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. நான் அப்பாவின் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். கீழே நிற்பவர்களுடைய பயம் இன்றுதான் தெரிந்தது.

சாயங்காலம். "கேப்டன்கிட்ட சொல்லப் போறேன்பா."

அப்பா இடுப்புக் கயிற்றைச் சுற்றி ஆணியில் மாட்டினார். "சொன்னா ஓட்ட வுடுவாங்களா?"

"தெரியல."

"சாப்ட்டுப் போ."

16, செவ்வாய்

மெட்ராஸ். தூறல். விமானங்கள் எல்லாம் தார்ப்பாய்க்குள்.

கேப்டன் அறை. நின்றபடியே எல்லாம் சொன்னேன். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"மீட்டர் 320 காட்டிச்சுங்கற. எண்பதுன்னு எப்படிம்மா தெரிஞ்சுது?"

"எங்கப்பா லைன்மேன் சார். பனைய வச்சு சொன்னார்."

நிமிர்ந்து என்னைப் பார்த்தார். ஒரு தாளை நீட்டினார். மறு உத்தரவு வரை தனியாகப் பறக்கத் தடை. உதவித்தொகை பற்றி மேலிடம் முடிவு செய்யும். உயரம் என்ற இடத்தில் 80 என்று எழுதினேன். கையெழுத்துப் போட்டேன்.

அதன் கீழே ஒரு வரி காலி. நேரில் பார்த்த சாட்சி, பெயர், தொழில்.

கோ. கோவிந்தன் என்று எழுதினேன். லைன்மேன்.