தனி வக்கீல்

மார்ச் 3

அன்புள்ள வக்கீலம்மாவுக்கு,

போனை எடுக்க மாட்டாய் என்று தெரியும். கடிதத்தையாவது பிரிப்பாய் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். மகள் எப்படி இருக்கிறாள்?

எனக்குக் கிரிமினல் கேஸ் வருவது நின்றுபோய்விட்டது. ஊரில் எல்லோரும் யோக்கியர்களாகிவிட்டார்கள் போல. இப்போது முதல் திவால் கேஸ் வந்திருக்கிறது. நீ கரைத்துக் குடித்த சமாச்சாரம். எனக்கோ கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி. கட்சிக்காரர் நாற்காலி, மேஜை செய்யும் பட்டறை வைத்திருப்பவர். "சார், பெரிய ரம்ப மெஷினை மட்டும் மச்சான் ஷெட்ல போட்டுடட்டுமா? யாருக்குத் தெரியப்போகுது?" என்கிறார். வசூல்காரர்கள் கூப்பிட்டு அவர் போன் அடித்துக்கொண்டே இருக்கிறது. ஒவ்வொரு அடிக்கும் எனக்கும் தூக்கிவாரிப் போடுகிறது. அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடக்கிறேன். கீழ் வீட்டுக்காரர் அடியிலிருந்து கம்பால் தளத்தை இடிக்கிறார். எங்கே தொடங்குவது? சொல்லேன்.

இப்படிக்கு,
காகிதத்திலாவது இன்னும் உன் புருஷன்


மார்ச் 9

வக்கீல் சாருக்கு,

மகள் நலம். பல்லுக்குக் கம்பி போட்டிருக்கிறது. சிரிக்கவே மாட்டேன் என்கிறாள்.

மெஷின் இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும். மச்சான் ஷெட்டுக்குப் போனதை நீதிமன்றம் திரும்பக் கொண்டுவரும். மோசடிக்காரர் என்ற பெயரும் கூடவே வந்து ஒட்டிக்கொள்ளும். சொந்தக்காரர் கடனை மட்டும் ரகசியமாக அடைப்பதும் கூடாது. முதல் நாளே எல்லாவற்றையும் சொல்ல வைத்துவிடுங்கள். வெட்கத்தில் பாதியை விழுங்குவார்கள். அதட்டினால் மீதியையும் விழுங்குவார்கள். அதனால் உங்கள் குறுக்கு விசாரணைக் குரலைக் கழற்றி வைத்துவிட்டுக் கேளுங்கள். "வீட்டைக் காப்பாற்றித் தருகிறேன்" என்று வாய் தவறிக்கூடச் சொல்லாதீர்கள். மனு ஏற்கப்பட்டதும் வசூல்காரர்கள் வாயை மூட வேண்டும். அதுவரை அவர் போன் வேறு அறையில் இருக்கட்டும்; உங்கள் நெஞ்சுக்கும் நல்லது.

இன்னொன்று. உங்கள் கடிதத்தில் மச்சான் இருக்கிறார், மெஷின் இருக்கிறது, கட்சிக்காரரின் மனைவியைக் காணோம். அந்த அம்மா ஜாமீன் கையெழுத்துப் போட்டிருக்கிறாரா என்று தனியாகக் கேளுங்கள். புருஷன் கடனிலிருந்து விடுபட்டாலும் ஜாமீன் போட்டவரை வங்கி விடாது. அப்படியானால் ஒரே வக்கீல் இரண்டு பேருக்கும் நிற்க முடியாது.

கேட்கத் தோன்றியிருக்காது உங்களுக்கு. சாமான் ஏற்ற லாரி வாசலில் வந்து நின்ற பிறகுதானே, நாம் ஊர் மாறுகிறோம் என்பதே எனக்குத் தெரிந்தது.

இப்படிக்கு,
நான்


மார்ச் 21

அன்புள்ள வக்கீலம்மாவுக்கு,

கேட்டேன். அந்த அம்மா ஒவ்வொரு முறையும் கூடவே வந்திருக்கிறார். வெளி பெஞ்சில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவரை யாரோ என்று நினைத்து, தாண்டித் தாண்டிப் போயிருக்கிறேன். உள்ளே கூப்பிட்டதும் கணவரும் எழுந்தார். "நீங்க வெளியில இருங்க" என்றேன்.

"எதுலயாவது கையெழுத்துப் போட்டீங்களாம்மா?"

"போட்டேன் சார். சும்மா சாட்சிக் கையெழுத்துதான்னு சொன்னார்."

"படிச்சுப் பாத்தீங்களா?"

"அடுப்புல பால் பொங்கிட்டு இருந்தது சார். நீட்டின இடத்துல போட்டுட்டு ஓடினேன்."

அது ஜாமீன் பத்திரம். அந்த அம்மாவுக்கு அவர் அப்பா கொடுத்த மனையும் அதில் மாட்டியிருக்கிறது. உங்களுக்குத் தனி வக்கீல் வேண்டும் என்றேன். "அவர் கோவிச்சுக்குவாரே" என்றார். கோபித்துக்கொண்டார். "என் குடும்பத்தையே ரெண்டாக்கப் பாக்கறீங்களா?" என்று கத்திவிட்டு, ஃபைலைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். அந்த அம்மா மட்டும் நின்றார். உன் முகவரியைக் கொடுத்தேன்.

கேஸ் போயிற்று. அதைப் பற்றிக்கூடக் கவலையில்லை. அந்தப் பால்தான் மண்டைக்குள் பொங்கிக்கொண்டே இருக்கிறது. நான் உன்னிடம் எத்தனை காகிதங்களை அப்படி நீட்டியிருப்பேன்?

நீயும் மகளும் இங்கே வந்துவிடுகிறீர்களா? உத்தரவு இல்லை. கேட்கிறேன்.

தபால்காரரைத் தினமும் முறைத்துக்கொண்டிருக்கும்,
உன் புருஷன்


ஏப்ரல் 6

அன்புள்ள உங்களுக்கு,

அந்த அம்மா பஸ் மாறி மாறி வந்து சேர்ந்தார். அவர் கணவரின் கதையை உங்கள் மூலம் கேட்டுவிட்டதால் நான் கேஸை எடுப்பது முறையில்லை. பக்கத்து அறைத் தோழியிடம் கூட்டிப்போனேன். விளக்கிச் சொல்லாமல் வாங்கிய கையெழுத்து என்று வங்கியோடு மல்லுக்கு நிற்கிறாள். மனை தப்பலாம், தப்பாமலும் போகலாம். கணவர் வேறு வக்கீல் வைத்து மனுப் போட்டுவிட்டார். மெஷினையும் மறைக்கவில்லையாம். கிளம்பும்போது அந்த அம்மா, "பாவம், என்னால அந்த சாருக்குத்தான் நஷ்டம்" என்றார்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். இந்தக் கடிதத்தை எழுதி எழுதிக் கிழித்தேன். ஒன்றில், வருகிறேன் என்றுகூட எழுதினேன். தபால் பெட்டிவரை போய்த் திரும்பி வந்தேன்.

நான் வரவில்லை. இங்கே எனக்கென்று ஒரு அறை இருக்கிறது, வாசலில் என் பெயர்ப்பலகை இருக்கிறது, காலையில் கதவைத் திறந்தால் எனக்காக நாலு பேர் காத்திருக்கிறார்கள். இதை விட்டுவிட்டு வந்தால், உங்கள் ஜன்னலோரம் நானும் குறுக்கும் நெடுக்கும் நடப்பேன். ஆனாலும் கேட்டீர்களே, அதற்கு மனதார நன்றி.

மகளையும் கேட்டேன். விடுமுறைக்கு உங்களிடம் வருகிறாளாம். தனியாக அவள் வரும் முதல் பயணம். பஸ் வருவதற்கு முன்னாலேயே போய் நில்லுங்கள்.

அடுத்த கேஸுக்கு அங்கேயே யாரையாவது கேளுங்கள். எனக்குப் பதில் எழுத வேண்டாம். எழுதினால் படித்துவிடுவேன், அதுதான் பயம்.

இப்படிக்கு,
உங்கள் மகளின் அம்மா