நாளைக்கு வந்துடும்

5 ஜூன் 2002, புதன்

வந்துவிட்டது! இன்டர்வியூ கார்டு வந்தேவிட்டது! சென்னை நுங்கம்பாக்கம், தலைமை அலுவலகம், மார்க்கெட்டிங் எக்ஸிகியூட்டிவ் வேலை. தலைக்கு எண்ணெய் விற்கிற கம்பெனிதான். இருந்தால் என்ன, கார்ப்பரேட் கார்ப்பரேட்தானே! வேலூரில் எம்.பி.ஏ. முடித்துவிட்டு ஏப்ரலிலிருந்து நைனாவின் பட்டுக் கடையில் புடவை மடித்துக்கொண்டிருக்கும் எனக்கு இது போதும், இது போதும்.

நைனாவிடம் காட்டினேன். கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு முழுசாகப் படித்தார்.

"மெட்ராசா?"

"ஆமா நைனா. கிடைச்சா அங்கயே ஹாஸ்டல்ல தங்கணும்."

"பாக்கலாம்மா."

பார்க்கலாம்! அதற்கு அர்த்தம் எனக்குத் தெரியாதா? எங்கள் கடையில் 'இல்லை' என்ற சொல் யார் வாயிலும் வரக்கூடாது. வந்தால் லட்சுமி போய்விடுவாளாம். கத்தரிப்பூ நிறத்தில் மாங்காய் பார்டர் கேட்டு ஒருவர் வந்து, அது கடையிலேயே கிடையாது என்றாலும், "நாளைக்கு வந்துடும்மா, இப்ப இதப் பாருங்க" என்றுதான் சொல்ல வேண்டும். பாவாடை கட்டிய நாளிலிருந்து நானும் அப்படித்தான் சொல்லிப் பழகியிருக்கிறேன். வீட்டில் அதற்கு இன்னொரு பெயர், 'பாக்கலாம்'. காலேஜ் சேர்ந்தபோது ஸ்கூட்டி கேட்டேன். பார்க்கலாம் என்றார். காலேஜே முடிந்துவிட்டது, இன்னும் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறார்.

இன்டர்வியூவுக்குப் போகத் தடை இல்லையாம். "போய்ட்டு வரட்டுமே, இன்னா இப்ப" என்று அம்மாவிடம் சொன்னாராம். கிடைக்காது என்ற தைரியம்!

11 ஜூன், செவ்வாய்

பீரோ கண்ணாடி முன்னால் நின்று "டெல் மீ அபௌட் யுவர்செல்ஃப்" பயிற்சி. அம்மா எட்டிப் பார்த்து, "யார்கிட்டடி பேசிகினு இருக்க?" என்றாள். கம்பெனி எம்.டி.யிடம் என்றேன். "அவர சாப்ட்டுட்டுப் போகச் சொல்லு" என்று போய்விட்டாள்.

14 ஜூன், வெள்ளி

முதலிலிருந்து எழுதுகிறேன்.

விடியற்காலை பஸ். பாரிமுனையில் லிடியா காத்திருந்தாள். என்னோடு படித்தவள், இப்போது சென்னையில் பேங்க் வேலை. நுங்கம்பாக்கம் ஆபீஸ் வாசல்வரை கூடவே வந்து, என் முந்தானையைச் சரிசெய்து, "ஹேமா, வாய மட்டும் அடக்கு" என்று சொல்லி உள்ளே அனுப்பினாள். ஏ.சி. குளிரில் எனக்குப் பல் தந்தியடித்தது. டை கட்டிய ஒருவரும், முடியைக் கழுத்தளவுக்கு வெட்டிய ஒரு மேடமும். யுவர்செல்ஃப் எல்லாம் தண்ணீர் பட்ட பாடாக ஒப்பித்தேன். பிறகுதான் சனி பிடித்தது.

"ஃபீல்டு சர்வே பண்ணியிருக்கீங்களா?" என்றார் மேடம்.

"பண்ணிடலாம் மேடம்."

"பவர்பாயிண்ட் தெரியுமா?"

"வந்துடும் மேடம்."

"கன்னடம்?"

அப்போதாவது வாயை மூடியிருக்கலாம். கடைக்காரன் பெண்ணுக்கு மூடுமா?

"நாளைக்கு வந்துடும் மேடம்."

டைக்காரர் குடித்துக்கொண்டிருந்த தண்ணீர் அவருக்கு மூக்கில் ஏறிவிட்டது. நான் அப்படியே தரைக்குள் போய்விடலாமா என்று பார்த்தேன். மேடம் மட்டும் சிரிக்கவில்லை. "நாளைக்கு வேண்டாம். அடுத்த வெள்ளிக்கிழமை கொண்டு வாங்க. உங்க ஊர்ப்பக்கம் எங்க எண்ணெய் ஏன் ஓடலைன்னு கடைகடையா விசாரிங்க. பவர்பாயிண்ட்ல போட்டு, பத்து நிமிஷம் பேசணும்."

வெளியே வந்து லிடியாவிடம் சொன்னபோதுதான் எனக்கே உறைத்தது. அடியேய், அது செகண்ட் ரவுண்டு! இரண்டு பேரும் பிளாட்பாரத்தில் நின்று கத்தியதில் ஆட்டோக்காரர் ஒருவர் வண்டியை நிறுத்திவிட்டார்.

18 ஜூன், செவ்வாய்

நேற்று வந்தவாசி, தெள்ளார். இன்று நம்ம ஆரணி பஜார். வெயிலில் மூஞ்சி அடுப்புக்கரி ஆகிவிட்டது. எந்தக் கடையில் அந்த எண்ணெயைக் கேட்டாலும் ஒரே பதில்தான். "நாளைக்கு வந்துடும்மா."

கடைசியில் இராஜமாணிக்கம் மளிகைக் கடையிலும் அதையே சொன்னதும் எனக்குப் பொறுக்கவில்லை.

"அண்ணா, கம்பெனிக்காரங்க வந்து கேட்டா இன்னா சொல்லுவீங்க?"

"இதையேதாம்மா. படியேறி வந்தவன இல்லன்னு சொல்லியா அனுப்புறது?"

"அப்ப நெஜமா எப்பதான் வரும்?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீ பட்டுக்கடை வேணுகோபால் பொண்ணுதான? உனக்கே தெரியாதா?" பிறகு குரலைத் தாழ்த்தி, "மூடி ஒழுகுதும்மா. ஒருதபா வச்சேன், பக்கத்துல இருந்த பிஸ்கட்டெல்லாம் எண்ணெ. ஒரே பேஜார்" என்றார்.

ஓடி வந்தேன். பாவம் அந்தக் கம்பெனி, நாளைக்கு நாளைக்கு என்று எழுதிக்கொண்டு காத்திருக்குமே!

20 ஜூன், வியாழன்

கம்ப்யூட்டர் சென்டரில் பவர்பாயிண்ட் ஒருவழியாக வந்துவிட்டது. பொய் சொல்லவில்லை பார்! எழுத்தெல்லாம் பறந்து பறந்து வந்து உட்காருகிறது. பிளாப்பியில் ஏற்றி, கைக்குட்டையில் சுற்றி, சாமி படத்துக்கு முன்னால் வைத்திருக்கிறேன்.

21 ஜூன், வெள்ளி

பிளாப்பி திறக்கவில்லை.

அவர்கள் கம்ப்யூட்டரில் போட்டால் கடகடவென்று சத்தம் மட்டும் வருகிறது. மறுபடி போட்டார்கள். ஊதிப் பார்த்தார்கள். சாமி படத்துக்கு முன்னால் வைத்ததில் விபூதி ஏதாவது போயிருக்குமோ? டைக்காரர் முகத்தில் அந்தப் பழைய சிரிப்பு வந்துகொண்டிருந்தது. மேடம் கேட்டார். "ஸ்லைடு இருக்கா, இல்லையா?"

நாளைக்கு... என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. எச்சிலை விழுங்கினேன்.

"இல்லை மேடம்."

சொல்லிவிட்டேன்! லட்சுமி எங்கேயும் போகவில்லை. நாற்காலியும் விழவில்லை. அதற்கப்புறம் மடை திறந்த மாதிரிதான். "கன்னடமும் தெரியாது மேடம், அன்னைக்குச் சொன்னது கடைப் பழக்கம். எங்க ஊர்ப்பக்கம் யாரும் உங்களுக்கு இல்லைன்னு சொல்லமாட்டாங்க. நாளைக்கு வரும்னா அது வரவே வராது. மூடி ஒழுகுது" என்று கையை ஆட்டி ஆட்டிப் பேசினேன். பாதி ஆங்கிலம், பாதி ஆரணி. டைக்காரர் பேனாவை எடுத்தார். மேடம் கடைசியில், "எங்க ஆளுங்க மாசாமாசம் 'ஆர்டர் வரும்'னுதான் எழுதறாங்க" என்றார். அவ்வளவுதான். சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள்.

சொல்லி அனுப்புகிறோம் என்றால்? அது அவர்கள் ஊர் 'பாக்கலாம்'தானா?

4 ஜூலை, வியாழன்

இல்லை, இல்லை, இல்லை! அது பாக்கலாம் இல்லை! கடைக்குப் போன் வந்தது, நான்தான் எடுத்தேன். வேலை எனக்குத்தான்! ஆகஸ்ட் பத்தொன்பது சேர வேண்டும். நைனாவைக் கேட்காமலேயே "வரேன் மேடம்" என்று சொல்லிவிட்டேன். அம்மா என் வாயில் சர்க்கரை போட்டாள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள், திரும்பவும் சர்க்கரை போட்டாள்.

நைனா? "சந்தோசம்மா. ஆடி போகட்டும், பாக்கலாம்."

8 ஆகஸ்ட், வியாழன்

ஆடியும் போகப்போகிறது. இவர் வாயே திறப்பதாக இல்லை. தறிக்காரர்களிடம் பேசுகிறார், வாடிக்கைக்காரர்களிடம் பேசுகிறார், என்னைக் கண்டால் புடவை மடிக்கிறார். இன்று சாப்பிடும்போது வெடித்துவிட்டேன்.

"வேணாம்னா வேணாம்னு வாயத் தொறந்து சொல்லிடுங்க நைனா. அழுதுட்டுப் போறேன். இந்தப் பாக்கலாம் மட்டும் வேணாம்."

"வேணாம்னு நான் எப்பம்மா சொன்னேன்?"

"போன்னும் சொல்லலயே!"

பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டேன். அவரும் சரியாகச் சாப்பிடவில்லை என்று அம்மா சொன்னாள். அவருக்குப் பயம் என்று தெரிகிறது. எனக்கு மட்டும் இல்லையா? சண்டை போட்டுவிட்டுப் போக எனக்கு மனசு வராது, அது அவருக்கும் தெரியும். அதுதான் ஆத்திரமாக வருகிறது.

11 ஆகஸ்ட், ஞாயிறு

நைனா வியர்க்க விறுவிறுக்க வந்தார். கையில் பெரிய நீலச் சூட்கேஸ், சக்கரம் வைத்தது. கூடத்தில் வைத்துவிட்டு அம்மாவிடம் ஒரே புலம்பல்.

"மொதல்ல நம்ம சின்னதுரை கடைக்குத்தான் போனேன். சக்கரம் வச்சது நாளைக்கு வந்துடும்ங்கறான். என்கிட்டயே! எவ்ளோ கோவம் வந்துச்சு தெரியுமா? நேரா வேலூர் போயிட்டேன்."

பிறகு என் பக்கம் திரும்பாமலே, "பூட்டு சரியா இருக்கான்னு பாத்துக்கோம்மா" என்றார். நான் பூட்டைப் பார்க்கவில்லை. அவர் தோளில் சாய்ந்து அழுதேன். மூக்கைச் சிந்தி அவர் சட்டையிலேயே துடைத்தேன். "ஐயே, கடைக்குப் போட்டுகினு போற சட்டைடி" என்றார்.

6 செப்டம்பர், வெள்ளி, சென்னை

ஹாஸ்டல் பக்கத்து எஸ்.டி.டி. பூத்திலிருந்து கடைக்குப் போன் செய்தேன். விளக்கு வைக்கிற நேரம். புது மூடி போட்ட பாட்டிலை மேடம் என் கையிலேயே கொடுத்துக் கவிழ்த்துப் பார்க்கச் சொன்னதை நைனாவிடம் மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டிருந்தேன். நடுவில் கடைக்கு யாரோ வந்தார்கள். குரலிலேயே தெரிந்தது, படவேட்டுக் கிருஷ்ணம்மாள் அக்கா. நான் எடுத்துக் காட்டினால்தான் புடவை வாங்குவார்.

"ஹேமா எங்க? கூப்புடுங்க, அது வந்து காட்டட்டும்."

நைனா ரிசீவரை மூடவில்லை. எனக்கு எல்லாம் கேட்டது. நாளைக்கு வந்துடும் என்று சொல்லப்போகிறார் என்றுதான் நினைத்தேன்.

"அவ இல்லைங்க. மெட்ராஸ்ல வேலைக்குப் போறா."