நீர்ப்பல்லிக்கு என்ன போடுவது?

சிவமயம்
அல்சூர், பெங்களூர்
7.11.1999

அன்பு மகள் இளவேனிலுக்கு அப்பா எழுதுவது.

அமெரிக்காவில் குளிர் என்றாய், காதை மூடிக்கொள். ஜனவரி ஒன்றாம் தேதி கம்ப்யூட்டரெல்லாம் நின்றுவிடும் என்று இங்கே பேச்சு. நிற்காமல் பார்த்துக்கொள்ளத்தான் என் மகள் போயிருக்கிறாள் என்று பார்ப்பவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டு திரிகிறேன்.

ஒரு குறை. கிளம்புவதற்கு நான்கு நாள் முன்பு சிவாஜிநகரில் ஒரு நீர்ப்பல்லியைக் கண்ணாடித் தொட்டியோடு வாங்கி வந்து என் தலையில் கட்டிவிட்டுப் போனாயே, அது ஒன்பது நாளாக ஒன்றும் சாப்பிடவில்லை. பொட்டுக்கடலை மாவு, தயிர்சாதம், மசித்த கீரை எல்லாம் வைத்துப் பார்த்தேன். தண்ணீர் நாறியதுதான் மிச்சம். கீழ் வீட்டு பியாட்ரிஸ் அம்மாள் எட்டிப் பார்த்துவிட்டு, "தயிர்சாதம் திங்க அது என்ன கோயில் மாடா சார்?" என்று சிரிக்கிறார். எனக்கு வந்த கோபத்துக்குக் கதவைச் சாத்திவிட்டேன்.

கறுப்பு உடம்பு, வயிறு மட்டும் குங்குமம். கல்லின் மேல் அசையாமல் உட்கார்ந்து என்னையே பார்க்கிறது. போனில் கேட்டால் பேச்சை மாற்றுகிறாய். இதற்கு என்னதான் போடுவது? உடனே எழுது.

அப்பா
பாலசுப்ரமணியன்

கொலம்பஸ்
18.11.1999

அன்புள்ள அப்பா,

திட்டாதீர்கள். அது புழு தின்னும் ஜீவன். அதுவும் உயிரோடு நெளிகிற புழு. அசையாத எதுவும் அதற்குச் சாப்பாடாகவே தெரியாது என்று கடைக்காரர் சொன்னார்.

வாங்கும்போதே தெரியும். உங்களிடம்தான் சொல்லவில்லை. போன வருஷம் குப்பைக்கூடையில் முட்டை ஓட்டைப் பார்த்துவிட்டு, மூன்று நாள் என் கையால் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லை நீங்கள். உங்களிடம் போய்ப் புழு போடுங்கள் என்று எந்த வாயால் சொல்வேன்? பியாட்ரிஸ் ஆன்ட்டியிடம் சொல்லிவிட்டு வர நினைத்தேன், விசா அலைச்சலில் மறந்தே போனேன். அவரிடம் கொடுத்துவிடுங்கள். நீங்கள் தொட வேண்டாம். ஆனால் அது செத்துப்போனால் என்னால் தாங்க முடியாதப்பா.

நான் நன்றாக இருக்கிறேன். நேற்றுகூட வத்தக்குழம்பு வைத்தேன்.

உங்கள் இளா

சிவமயம்
அல்சூர்
1.12.1999

அன்பு மகளுக்கு,

உன் கடிதம் காலையில் வந்தது. பியாட்ரிஸ் அம்மாள் மகளின் பிரசவத்துக்குக் கோலார் தங்கவயல் போய்விட்டார், வர ஒரு மாதம் ஆகுமாம். நீர்ப்பல்லிக்கு இடுப்பெலும்பு துருத்திக்கொண்டு நிற்கிறது. கேட்க எனக்கு வேறு ஆளில்லை.

குளித்தேன். முருகன் படத்துக்கு முன்னால் நின்று, "உன்னிடம் சொல்லிவிட்டுத்தான் செய்கிறேன், அப்புறம் என்மேல் பழி போடாதே" என்றேன். செம்பருத்தித் தொட்டியைக் கிளறினேன். மண்புழு உள்ளங்கையில் நெளிந்தபோது உடம்பெல்லாம் கூசியது. இதுவும் உயிர்தானே என்று திரும்ப மண்ணிலேயே விட்டுவிட்டேன். உள்ளே வந்தால் அது அதே கல்லில், அதே பார்வை. மறுபடி போனேன். இப்படி மூன்று தடவை.

கடைசியில் புழுவைத் தண்ணீருக்குள் பிடித்தேன். முதலில் ஒன்றுமில்லை. பிறகு தலை மெல்லத் திரும்பியது. ஒரு காலைத் தூக்கி, விரல்களை விரித்து, வைத்தது. இன்னொரு கால். என் விரலுக்கு முன்னால் வந்து நின்று உற்றுப் பார்த்தது. அப்புறம் ஒரே கவ்வு! அம்மாடி, ஒரு மாதம் பட்டினி கிடந்த உடம்புக்கு அந்த வேகம் எங்கிருந்து வந்தது? தலையை உதறி உதறி விழுங்கியது. ஒவ்வொரு விழுங்கலுக்கும் கண் உள்ளே போய் வெளியே வந்தது. முடிந்ததும் அந்தச் சின்னக் கையால் வாயைத் துடைத்துக்கொண்டது.

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். புழுவை நினைத்தாலும் அழுகை வந்தது, இதைப் பார்த்தாலும் அழுகை வந்தது. அறுபத்திரண்டு வயதாகிறது, ஓர் உயிர் சாப்பிடுவதை இன்றைக்குத்தான் பார்த்தேன் இளா.

4ஆம் தேதி. நல்லவேளை, இதை இன்னும் தபாலில் போடவில்லை. இன்று காலை அது ஈரச் சட்டையைக் கழற்றுகிற மாதிரி தன் தோலைக் கழற்றியது. விரல் விரலாக உருவி எடுத்தது. பிறகு அந்தத் தோலையே சுருட்டிச் சாப்பிட்டுவிட்டது! உள்ளே புத்தம் புதுக் கறுப்பு. காபி ஆறியதுகூடத் தெரியாமல் நின்றேன். படைத்தவன் என்னவெல்லாம் யோசித்திருக்கிறான்!

அப்பா

கொலம்பஸ்
15.12.1999

அப்பா,

உங்கள் கடிதத்தை ஆபீசிலேயே படித்துவிட்டு, பாத்ரூமுக்குப் போய் அழுதேன். இதற்கு மேல் என்னால் மறைக்க முடியவில்லை. முட்டை மட்டுமில்லை அப்பா. இரண்டு வருஷமாகக் கோழி, மீன் எல்லாம் சாப்பிடுகிறேன். பிடித்திருக்கிறது, சாப்பிடுகிறேன். வேறு சமாதானம் என்னிடம் இல்லை. வத்தக்குழம்பு வைத்ததாக எழுதியதும் பொய். பெங்களூரிலும் உங்களுக்கு மட்டும் பரிமாறிவிட்டு, பசிக்கவில்லை என்று படுத்துவிடுவேன். உங்களோடு உட்கார்ந்தால் முகத்தில் தெரிந்துவிடுமோ என்று பயம்.

பிப்ரவரியில் திரும்புகிறேன். அம்மா போன பிறகு வேலூரிலிருந்து உங்களைக் கூட்டி வந்தவள் நான்தான். இதற்குப் பிறகும் என்னோடு ஒரே வீட்டில் இருப்பீர்களா? எதுவானாலும் எழுதிவிடுங்கள்.

இளவேனில்

சிவமயம்
அல்சூர்
30.12.1999

இளா,

படித்ததும் கோபம் வந்தது. வராமல் எப்படி இருக்கும்? வேலூர் பஸ்ஸுக்குப் பையைக்கூட எடுத்து வைத்தேன். நான் போய்விட்டால் இதற்கு யார் புழு போடுவது என்று நின்றுவிட்டேன். இப்போதெல்லாம் என் கையைக் கண்டாலே நீந்தி வருகிறது.

என் தட்டில் கோழியும் மீனும் வராது. என் பாத்திரத்திலும் கூடாது. இதில் நான் மாறமாட்டேன், கிழவனை மாற்றப் பார்க்காதே. ஆனால் நீ ஒளிந்து சாப்பிட வேண்டாம், பசியோடு படுக்கவும் வேண்டாம். உனக்கென்று தனிச் சட்டி வாங்கிக்கொள். சமைத்து எடுத்து வந்து என் எதிரில் உட்கார். நீ பிறந்த நாளிலிருந்து, என்ன சாப்பிடுகிறாய் என்றுதான் பார்த்திருக்கிறேன். நீ சாப்பிடுவதைப் பார்த்ததே இல்லை.

அப்பா