டாக்டர் எழுதாதது

மார்ச் 3
மேசையில் ஆஸ்பத்திரிக் கோப்புகள் குவிந்திருந்தன. காப்பீட்டுப் பணத்துக்காக ஒவ்வொரு நோய்க்கும் ஓர் எண் போடுவது என் வேலை. டாக்டர் எழுதாததற்கு எண் கிடையாது. ஒரு பெண்ணின் கோப்பில் கருத்தடை மாத்திரை என்று நர்ஸ் மட்டும் குறித்திருந்தார். அதை நெடுநாள் சாப்பிடுபவர்களுக்கு இசட் 79.3 என்று ஓர் எண் உண்டு. டாக்டரிடம் விளக்கம் கேட்கட்டுமா என்றேன். மேற்பார்வையாளர் சிரித்தார்.
"பெரியவரே, அந்த நம்பருக்குக் காசு தேறாது. மூடிட்டு அடுத்ததப் பாருங்க."
மூடிவிட்டேன்.

மார்ச் 9
குளியலறையில் சோப்புத் தேடியபோது பஞ்சுப் பொட்டலத்துக்குப் பின்னால் ஒரு மாத்திரை அட்டை. கிழமைகள் அச்சிட்டது. கருத்தடை மாத்திரை; எனக்குத் தெரியாத அட்டையா? மகன் குழந்தைக்காக ஏங்குகிறான்; மாதாமாதம் மருமகளின் முகத்தைப் பார்க்கிறான். இருந்தபடியே வைத்துவிட்டேன். மாமனார் பேசுகிற பேச்சா இது?

மார்ச் 10
சோப்பை இனி என் அறையிலேயே வைத்துக்கொள்வது.

மார்ச் 21
மருமகளுக்குக் கெண்டைக்கால் வீங்கியிருக்கிறது. "படியில சுளுக்கிருச்சு மாமா." மகன் தைலம் தேய்த்துவிட்டான். அந்த மாத்திரையால் காலில் ரத்தம் உறையலாம் என்று கோப்புகளில் பார்த்திருக்கிறேன். நான் கேட்டிருக்கலாம் — என்னவென்று, எந்த முகத்தோடு?

மார்ச் 23
அவளுக்கு மூச்சு வாங்கியது. அவசரப் பிரிவு. டாக்டர் சின்னப் பெண்.
"மருந்து மாத்திரை ஏதாவது சாப்பிடுறீங்களா?"
மகன் அவள் கையைப் பிடித்திருந்தான்.
"இல்ல டாக்டர்" என்றாள்.
காலைப் பற்றிய பேச்சே எழவில்லை. ஆஸ்துமாவாக இருக்கலாம் என்று டாக்டர் எழுதத் தொடங்கினார். எழுதிவிட்டால் அதுதான் நோய்.
"தண்ணி வாங்கிட்டு வாப்பா" என்றேன்.
"இப்பவா?"
"நாக்கு ஒட்டுதுப்பா."
போனான். டாக்டர் பக்கம் குனிந்தேன். "டாக்டர்... இவ கருத்தடை மாத்திரை சாப்பிடுறா. காலு வீங்கியிருக்கு."
மருமகள் கண்ணை மூடிக்கொண்டாள்.
"எவ்வளவு நாளாம்மா?"
"கல்யாணம் ஆனதுலேர்ந்து."
மகன் தண்ணீர்ப் பாட்டிலோடு வாசலில் நின்றிருந்தான்.

மார்ச் 24
காலில் உறைந்த ரத்தம் நுரையீரலுக்குப் போய் அடைத்திருக்கிறது. பிழைத்துக்கொள்வாள். மகன் ஆஸ்பத்திரிக்கு வரவில்லை.

ஏப்ரல் 2
மருமகள் தன் அக்கா வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். "எங்கம்மா என்னப் பெத்துட்டுத்தான் செத்தா. எனக்குப் பயம் மாமா. அவர்கிட்ட சொல்ல வாய் வரல." பையைத் தூக்கப் போனேன், விடவில்லை. "தெரிஞ்சப்பவே என்கிட்ட தனியா கேட்டிருக்கலாம்ல நீங்க?"
கேட்டிருக்கலாம்.
அவள் போகும்வரை மகன் அறையிலிருந்து வெளியே வரவே இல்லை. பிறகு சொன்னான்: "உங்களுக்கும் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியல. நல்லா இருக்குப்பா."

ஏப்ரல் 11
வெளியிலேயே சாப்பிட்டுவிட்டு வருகிறான். சமைத்ததை மூடிவைத்தேன்.

ஏப்ரல் 15
ஒரு கோப்பு. மூச்சுத் திணறல், மருந்து எதுவும் இல்லை என்று டாக்டர். நர்ஸ் குறிப்பில் அதே மாத்திரை. மறுபரிசோதனை நாளைக்கு. மேற்பார்வையாளர் எட்டிப் பார்த்தார். "மறுபடி ஆரம்பிச்சிட்டீங்களா பெரியவரே?"
இரண்டு முறை அழித்துத் தட்டினேன். பிறகு டாக்டருக்கு அனுப்பிவிட்டேன்:
'மாத்திரை பற்றி மீண்டும் கேட்கவும். அவர் தனியாக இருக்கும்போது கேட்கவும்.'