மலையோடு அழிந்த மழை

ஐப்பசிப் பௌர்ணமி, 2004

நேற்று மத்தியானம் அப்பா போன் செய்தார். "மேகம் கறுத்துக்கினு வருது, மல்லாட்டைய அள்ளிடட்டுமா?" நான் சென்னையில் ரேடார் திரையைப் பார்த்து, மழையே இல்லை என்றேன். களத்தில் காய்ந்த வேர்க்கடலையை அப்படியே விட்டுவிட்டார். கொஞ்ச நேரத்தில் கொட்டித் தீர்த்திருக்கிறது. இன்று நான் ஊருக்கு, அடி அண்ணாமலைக்கு, வந்ததும் கேட்டார்: "அவ்ளோ பெரிய மெஷினுக்கு மழை தெரியலியாம்மா?"

திரையில் மலையும் மழை போலத்தான் தெரியும். அதனால் ரேடாரை நெருங்காத, அதைவிட்டு விலகாத எதையும் மலை என்று அழித்துவிடும்படி புரோகிராம் எழுதியவள் நான்தான். நேற்றைய மழை ரேடாரை நெருங்காமல், விலகாமல் குறுக்கே போயிருக்கிறது. அதையும் சேர்த்து அழித்துவிட்டதோ? விதியைத் தளர்த்தினால் மலையே மழையாகிவிடும்.

அம்மா இப்போதுதான் கிரிவலம் முடித்து வந்தாள். மலையிலிருந்து பார்த்தால் அவளும் நெருங்கவில்லை, விலகவில்லை. என் கணக்குப்படி அவள் நடக்கவே இல்லை.

"எழுதனது போதும்டி. காலு விண்ணு விண்ணுனு தெறிக்குது, வந்து எண்ணெய் தேய்ச்சு விடு" என்கிறாள்.