நூன் என்றால் மூன்று மணி

லீட்ஸ்,
10-2-1963

அன்பும் கனமும் நிறைந்த அப்பாவுக்கு,

ஆண்டவர் கிருபையால் சுகமாக இருக்கிறேன். உங்கள் வயிற்றுவலி தேவலையா?

வெள்ளிக்கிழமை ஒரு சின்ன விஷயம் நடந்தது, பயப்பட வேண்டாம். நான் நல்லபடியாகத் திரும்பும்வரை வெள்ளிதோறும் மூன்று மணிவரை பட்டினி இருப்பதாக நேர்ந்துகொண்டீர்களே, உங்களோடு நானும் இங்கே அப்படியே இருந்துவந்தேன். அன்று வார்டில் தலை சுற்றி, தேநீர்த் தட்டோடு விழுந்துவிட்டேன். அடி ஒன்றுமில்லை.

உடன் வேலை பார்க்கும் ஐரிஷ் நர்ஸ் பிரிஜிட் சூப் கொடுத்துவிட்டு ஒன்று சொன்னாள். நடுப்பகலுக்கு இவர்கள் சொல்லும் 'நூன்' லத்தீனில் ஒன்பதாம் மணியாம். நம் வேதத்தில் இயேசு ஜீவனை விட்ட அதே ஒன்பதாம் மணி, பிற்பகல் மூன்று. அதுவரை உண்ணாதிருந்த பழைய காலத்துத் துறவிகள் பசி தாங்காமல் ஜெபத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் இழுக்க, வார்த்தையும் கூடவே பன்னிரண்டுக்கு வந்துவிட்டதாம்.

"மூணு மணி அடிக்காம கஞ்சி எறங்காது தாயி" என்பீர்கள். அப்பா, என் கையிலிருந்து விழுந்தது தேநீர்த் தட்டு. நீங்கள் உட்கார்ந்து வேலை பார்ப்பது பட்டாசுக் கம்பெனி வெடிமருந்து அறையில். இனி நான் பன்னிரண்டுக்கே சாப்பிடுவேன். நீங்களும் சாப்பிடுங்கள்.

இந்தப் பக்கம் யாராவது கப்பலேறினால் பருப்புப்பொடியும் அம்மாவின் பழைய சேலை ஒன்றும் கொடுத்துவிடுங்கள். கம்பளிக்கு இங்கே குறைவில்லை, ஆனாலும் வேண்டும்.

டூட்டிக்கு நேரமாகிவிட்டது. பதிலைப் பக்கத்து வீட்டு தேவமணி அக்காவை எழுதச் சொல்லுங்கள். சாப்பிட்டேன் என்று நீங்களே எழுதினால் நம்ப மாட்டேன்.

உங்கள் மகள்,
ஞானதீபம்